சிவப்புத் தொட்டியின் சாவி

போன வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஓமானில் சோஹாருக்கு வெளியே, கல்லும் மணலுமாகக் கிடக்கும் வெட்டவெளியில் நான் முன்பு இருந்த லேபர் கேம்ப். அதன் தீயணைப்புக் குழுவின் படம். நடுவில் கேப்டன் நிற்கிறார். தலை நரைத்துவிட்டது, தொப்பை விழுந்திருக்கிறது. ஆனால் கழுத்தில் அதே சிவப்புக் கயிறு, கயிற்றில் அதே சாவி. படத்தை அனுப்பியவர் இப்போது குழுவில் இருக்கும் ஒரு வெல்டர். குழுவின் வரலாற்றைச் சிறு மலராகப் போடுகிறார்களாம். ஆரம்பத்தில் இருந்தவன் என்ற முறையில், கேப்டனைப் பற்றி நான் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். இப்போது பர் துபாயில் ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அன்று அந்தச் சாவியைப் பார்த்துவிட்டு, கழற்றிப் போட்ட குழாயைத் திருப்பி மாட்டக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

குழு உண்டானதே ஒரு நெருப்பினால்தான். ஏசியில் பிடித்த தீ ஒரு ரூம் வரிசையையே தின்றுவிட்டது. சோஹாரிலிருந்து அரசாங்க வண்டி வந்து சேர்வதற்குள் இரும்புக் கட்டில்கள்தான் மிச்சம். ஆட்களெல்லாம் டூட்டியில் இருந்ததால் உயிர் போகவில்லை. மறுநாள் மெஸ்ஸில் சாரக்கட்டு ஃபோர்மேன் எழுந்து நின்றார். வண்டியை நம்பியிருந்தால் அவர்கள் வந்து நம் சாம்பலைத்தான் அள்ளுவார்கள், நாமே அணைக்கப் பழகிக்கொள்வோம், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், யாரையும் அதட்டாமல் வேலை வாங்குகிறவர். நானும் என் ரூமில் இருந்த முதுகுளத்தூர்க்காரனும்தான் முதலில் கை தூக்கினோம். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கேப்டன். கம்பெனி ஒரு பழைய பம்பும் ஹோஸும் தந்தது. கேம்ப் ஓரத்தில் இரும்புத் தொட்டி ஒன்றை நிறுத்தி, சிவப்புப் பெயின்ட் அடித்து, நிரப்பி, வால்வைச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் பிரியாணி தின்றுவிட்டு உருண்டு கிடக்கையில் நாங்கள் காலி ஹோஸைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடுவோம். பழகுவதற்கென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார் மனுஷன்.

கேம்ப்புக்குத் தண்ணி லாரி வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. வராத நாட்களில் சிமெண்டுத் தூசியோடு வந்து, நனைத்த துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு படுப்போம். அக்குள் வெந்து, தொடை இடுக்கெல்லாம் புண்ணாகும். பக்கத்திலேயே தொட்டி நிறைய தண்ணீர் நிற்கும், ஒருவனும் தொடமாட்டான். அது குழுவின் சட்டம். கேம்ப் முழுக்க அதற்குக் கட்டுப்பட்டது. யாராவது முணுமுணுத்தால் கேப்டன் சொல்வார்: "வேர்வ நாத்தத்துல எவனும் செத்ததில்லப்பா." முதுகுளத்தூர்க்காரன் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பான். தண்ணீரின் அருமையை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, காய்ந்த சீமையில் பிறந்தவன். சாவியை மட்டும் கேப்டன் யாரிடமும் தந்ததில்லை. தூங்கும்போதும் கழற்றமாட்டார். சாமிக் கயிறு மாதிரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோடையில், மதிய வெயிலுக்கு வேலையை நிறுத்தி எல்லோரும் ரூமில் படுத்திருந்தபோது, மெஸ் சமையற்கட்டில் கேஸ் டியூப் தீப்பிடித்துக்கொண்டது. நாங்கள் பழகியபடியே ஓடினோம். இதற்காகத்தானே இத்தனை வெள்ளிக்கிழமைகள் என்று மனசுக்குள் ஒரு திமிர்கூட இருந்தது. கேப்டன் பூட்டைத் திறந்தார், பம்ப் உறுமியது. ஹோஸின் வாயைப் பிடித்திருந்தவன் நான். அது ரெண்டு தரம் துப்பிவிட்டு வெறும் காற்றை ஊதியது. தொட்டியைத் தட்டினால் வெண்கலப் பானை மாதிரி கணகணவென்றது. அதற்குள் தீ பக்கத்து ரூம்களின் கூரைக்குத் தாவிவிட்டது. மண்ணை வாரி இறைத்தோம். முதுகுளத்தூர்க்காரன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்ச் சமையல்காரரை இழுத்து வந்தான். அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து தொங்கியது.

விசாரிக்க மஸ்கட்டிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சைட் மேனேஜர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தொட்டி எப்படிக் காலியானது என்று கேட்டதும் கேப்டன் நிதானமாக இந்தியில் பதில் சொன்னார். சாவியை நம்பி முதுகுளத்தூர்க்காரனிடம் கொடுத்திருந்தாராம், லாரி வராத நாட்களில் பயல்கள் திறந்து குளித்துவிட்டார்களாம். கைக்கட்டோடு நின்றிருந்த முதுகுளத்தூர்க்காரனுக்குக் கோபம்கூட வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்: "அந்தச் சாவிய எப்பண்ணே எங்கிட்ட குடுத்தீங்க?"

கேப்டன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசிக்கொள்கிறேன், நீ வெளியே போ என்றார். சாவி அப்போதும் அவர் சட்டைக்குள்தான் கிடந்தது. அதை நான் கத்திச் சொன்னேன், குளித்ததில் நீயும் ஒருத்தனா என்று மேனேஜர் என் வாயை அடைத்தார். அந்த வாரமே விசாவைக் கேன்சல் செய்து அவனை ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பிறகுதான் சைட் டேங்கர் ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். நாங்கள் எல்லோரும் டூட்டிக்குப் போயிருந்த ஒரு நாள், சைட்டில் புதிதாகப் போட்ட காங்கிரீட் காய்கிறது, நனைக்கத் தண்ணீர் இல்லை என்று மேனேஜர் கேட்க, கேப்டனே பூட்டைத் திறந்து அவருடைய டேங்கரில் ஏற்றிவிட்டாராம். நான் நேரே கேப்டனிடம் போனேன். அவர் மறுக்கவில்லை. திரும்ப நிரப்பித் தருவதாக மேனேஜர் சொன்னார், நம்பிவிட்டேன் என்றார். அதைக்கூட மன்னித்திருப்பேன். அதற்குமேல் ஒன்று சொன்னார் பாருங்கள்: "அவன் போனா ஒரு ஆள் போச்சு. நான் போனா குழுவே போச்சு." கேம்ப் பாஸிடம் போய்ச் சொன்னேன். கலாஸ், முடிந்த கதையைக் கிளறாதே என்றார். ஹெல்மெட்டைக் கேப்டனின் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தேன். கான்ட்ராக்ட் முடிகிறவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

முதுகுளத்தூர்க்காரன் இப்போது ஊரில் கரிமூட்டம் போடுகிறான். தண்ணீரைத் திருடித் துரத்தப்பட்டவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது. பேசி முடித்திருந்த பெண்ணை அந்த வீட்டார் தரவில்லை. எனக்கோ இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது, இருந்தாலும் சோப்புப் போடும்போது கை தானாகக் குழாயை மூடிவிடுகிறது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் கேப்டன்தான். எங்களைப் பட்டினி போட்டுக் காத்த தண்ணீரை அவரே ஊற்றிக் கொடுத்துவிட்டு, பழியை எங்கள் உடம்பில் பூசிவிட்டார்.

நேற்று அந்தப் படத்தை மறுபடி எடுத்து, சாவியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு வெல்டர் கேட்டதை எழுதினேன். நாலு வரி வரவில்லை, ரெண்டுதான் வந்தது. "இந்தச் சாவியைக் கேப்டன் ஒருநாளும் யாரிடமும் கொடுத்ததில்லை. நாங்கள் யாரும் குளிக்கவில்லை." ரெண்டாவது வரி எதற்கு அண்ணே, கேப்டனைப் பற்றி மட்டும் போதுமே என்று வெல்டர் கேட்டிருந்தார். அதுவும் அவரைப் பற்றித்தான் என்று பதில் போட்டுவிட்டு, ரெண்டு வரியையும் முதுகுளத்தூருக்கு அனுப்பினேன்.