காலித் தட்டுப் பக்கம்

அக்கா டீச்சர் வேலையை விட்டுவிட்டு, தொம்மலூர் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் பலகாரம் செய்து விற்க ஆரம்பித்த முதல் வருடம். டிசம்பரில் ஆர்டர் குவிந்தால் அடுத்த வருடமும் அடுப்பு. இல்லாவிட்டால் மறுபடி சாக்பீஸ். இணையதளம் செய்து கொடுத்தது நான். பகலெல்லாம் வைட்ஃபீல்ட் ஆபீஸில் ஊரார் தளங்களுக்கு மண்டையை உடைக்கிறவள், சொந்த அக்காவுக்குச் செய்ய மாட்டேனா?

அவளுக்கு ஒரு பழக்கம். கேட்டில் தொங்கும் சிலேட்டில் கல்கல், ரோஸ் குக்கி என்று அன்றைக்கு இருக்கும் பலகாரங்களை எழுதி வைப்பாள். தீர்ந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். தளத்திலும் அதேதான்: கல்கல் தீர்ந்தால் கல்கல் பக்கத்தையே அழித்துவிடுவாள். லிங்க்கோ சர்ச் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். தொட்டவர்களுக்கு வெள்ளைத் திரை, 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று மொட்டையாக ஒரு வரி.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு ஆன்ட்டி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, கடைய மூடிட்டியா? செல்லுல ஒண்ணுமே வரல. பாவம், நல்லாத்தான பண்ணிட்டிருந்த!”

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“அழிக்காதக்கா, தீர்ந்துபோச்சுன்னு போடு,” என்றேன்.

“இல்லாதத போட்டு வெக்கிறதா? ஆசை காட்டி மோசம் பண்றதுடி அது.”

சரி, அவள் மாறமாட்டாள். அந்த மொட்டைப் பக்கத்தை மாற்றலாம். உடனே உட்கார்ந்தேன். விண்வெளி வீரன் ஒருவன் மிதக்கிறான், சுற்றிலும் நட்சத்திரம், “வழி தவறிவிட்டீர்கள்!” எனக்கு ஒரே பெருமை.

“யாருடி இவன்?” என்றாள் அக்கா. “கல்கல் கேட்டு வந்தவங்களுக்கு இவன எதுக்குக் காட்டுற? அவங்க எங்க வழி தவறுனாங்க? சரியாத்தான வந்தாங்க!”

நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டில் யாரோ கல்கல் கேட்டார்கள். அக்கா இல்லை என்ற சொல்லையே எடுக்கவில்லை. “உள்ள வாங்க, இப்பத்தான் காலியாச்சு. ரோஸ் குக்கி ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க. எவ்ளோ வேணும் சொல்லுங்க, அடுத்த ஈடுல எடுத்து வெக்கிறேன்.”

விண்வெளி வீரனை அங்கேயே இறக்கிவிட்டேன். ஓரத்தில் துணுக்குகள் ஒட்டிய காலித் தட்டைப் படமெடுத்துப் போட்டேன். கீழே அவள் பேச்சு: “சரியாத்தான் வந்திருக்கீங்க. இப்பத்தான் காலியாச்சு. எவ்ளோ வேணும் சொல்லுங்க, எடுத்து வெக்கிறேன்.” அதற்கடியில் அவளுடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு பொத்தான். தளத்தில் இல்லாத ஒரு பக்கத்தின் முகவரியைத் தட்டிச் சோதித்தேன். தட்டு வந்தது.

மறுநாள் மாலை ஆபீஸ் பஸ் சிக்னலில் உறைந்து நின்றபோது அக்காவின் போன். “அந்த ஆன்ட்டி மெசேஜ் போட்டிருக்காங்கடி! ‘காலித் தட்டக் காட்டி வயித்தெரிச்சல கிளப்புறியா, ரெண்டு கிலோ எடுத்து வை’ன்னு. குரூப்புல வேற போட்டுட்டாங்களாம், வந்துட்டே இருக்கு.” எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே குரல் தாழ்ந்தது. “ஏய், ரோஸ் குக்கி விக்காம டப்பா டப்பாவா கெடக்கு. அந்தப் பக்கத்தையும் அழிச்சிடட்டுமா?”

“ஆசை காட்டி மோசம் பண்ண மாட்டேன்னது யாருக்கா?”

“சும்மா கேட்டேன்டி,” என்றாள். “வர்ற வழியில மைதா வாங்கிட்டு வா. நெறைய.”