முழங்கால் தண்ணீரில் சுறாக்குட்டிகள்

அறுபதுகளின் நடுவில், பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்கு என்னைப் பிரசவ நர்ஸாகப் போட்டார்கள். நான் திருப்பாச்சூரில் சைவ வீட்டில் வளர்ந்தவள். மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்வேன். பிரசவ வீடுகளுக்குக் கூடவே வந்து, என்னை அங்கே நிலைக்க வைத்தவள் என்னைவிட மூத்த ஒரு மீனவப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அவள் முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழியில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிப்பாள்.

ஒரு பங்குனி மாதக் காலையில் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நர்சம்மா, பையத் தூக்கினு வா. கரையில பிரசவம் ஆயிகினு கீது."

"யாருக்குக்கா? இந்த மாசம் யாருக்கும் நாள் இல்லையே?"

"வந்துதான் பாரேன்."

பையோடு ஓடினேன். வலை இழுத்துப் போட்டிருந்த மணலில் பெண்கள் வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சுறா கிடந்தது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு குட்டி, வால் முன்னால் வர, வெளியே வந்துகொண்டிருந்தது.

விளையாட்டுக்கு இப்படி ஓட வைத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம். திட்ட வாயெடுத்தபடியே குனிந்தேன். குட்டியின் வயிற்றிலிருந்து ஒரு கொடி தொங்கிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி! மீன் என்றால் முட்டை என்று மட்டும் தெரிந்து வைத்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மணலில் உட்கார்ந்து அடுத்த குட்டியை இரண்டு கையாலும் வாங்கினேன். பெண்களின் சிரிப்பு நின்றது.

தாய் பிழைக்கவில்லை. உயிரோடிருந்த குட்டிகளை அக்கா தண்ணீர் நிறைத்த அலுமினியக் குண்டானில் போட்டாள்.

"கடல்ல வுட்டா பெருசுங்க முழுங்கிடும். இதுங்க கழியிலதான் வளரும். வெயில் காலத்துல எறாலு தடவ வந்து பாரு, எத்தினி சுத்திகினு கீதுன்னு."

என்னையும் இழுத்துக்கொண்டு போய், முழங்கால் தண்ணீரில், புல் மாதிரி பாசி வளர்ந்திருந்த இடத்தில் குண்டானைச் சாய்த்தாள். குட்டிகள் சற்று மயங்கி நின்றன. பிறகு ஒவ்வொன்றாக நழுவிப் போயின.

அன்று மாலையே புருஷனைப் பிடித்துக்கொண்டாள். குட்டிகள் வளரும் மாதங்களில் அந்த இடத்தில் யாரும் வலை போடக் கூடாது என்றாள். அவர் சிரித்தார்.

"இப்பவே வாரிட்டா அப்பால கடல்ல இன்னாத்தப் புடிப்ப?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவரைத் தொட்டிருக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் அவரே பேசினார். சில கோடைகள் அங்கே வலை விழவில்லை. நைலான் வலைகள் வந்த பிறகும் விழவில்லை. குப்பத்தில் அந்த இடத்துக்கு 'நர்சம்மா ஆஸ்பத்திரி' என்று கேலியாகப் பேர் வைத்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்புறம் ஒரு கோடையில் அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம். நான்தான் பார்த்தேன். பெண் குழந்தை. ஆனால் தாய்க்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. சம்பந்தியம்மா வாசலில் நின்று, "சுறாப்புட்டு குடுத்தீங்களா, இல்லியா?" என்று கேட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சின்னச் சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த வாரம் பார்த்துக் கடலில் பலத்த காற்று. கட்டுமரம் எதுவும் இறங்கவில்லை.

"குழந்தையை அடிக்கடி மார்ல போடச் சொல்லுக்கா. கொஞ்சம் பொறு, தானா ஊறும்" என்றேன்.

"உனுக்குச் சொல்றது சுலபம்மா. கொயந்த காஞ்சுகினு கீதே!"

மறுநாள் காலை நான் போனபோது அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்தது. வெளியே அவள் புருஷன் ஈர வலையை அலசிக்கொண்டிருந்தார். வலைக் கண்களில் கழிப் பாசி ஒட்டியிருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "ஒரே ஒரு வாட்டிதாம்மா" என்றாள்.

மகளுக்குப் பால் வந்தது. புட்டால் வந்ததா, தானாகவே வந்ததா, யார் கண்டது?

அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வலையோடு கழிப்பக்கம் போனார். அக்கா ஓடிப்போய் வழிமறித்தாள்.

"உம் பொண்ணுக்குன்னா போடலாம், எங்க ஊட்டு மருமவளுக்குன்னா கூடாதா?" என்றார் அவர்.

அக்கா வழியை விட்டு ஒதுங்கினாள். அந்தக் கோடை முடிவதற்குள் குட்டிகள் கூடை கூடையாகப் பொன்னேரிச் சந்தைக்குப் போயின. அடுத்த கோடையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. போகப் போகக் கடலிலும் பெரிய சுறா கிடைப்பது அபூர்வமானது.

எழுபதுகளில் எனக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் ஆனது. அக்காவின் மருமகனும் கடலை விட்டுவிட்டு அங்கே ஒரு இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மகளைப் பார்க்க வந்த அக்கா ஒரு நாள் என் வீட்டுக்கும் வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். பேத்தி பள்ளிக்கூடம் போக அழிச்சாட்டியம் செய்வதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"கழியில இப்ப ஒண்ணு கூட இல்லம்மா. மொதல்ல வலை போட்டது நாந்தானே?"

"நீ போடலன்னா வேற யாராவது போட்டிருப்பாங்கக்கா."

"போட்டிருப்பாங்க. நான் போய்க் கேட்டிருப்பேனே! கேக்குற வாய நானே மூடிக்கினேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாக விலக்கிக்கொண்டு எழுந்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். ஷிப்டு முடிந்து வந்த சைக்கிள்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். அவளைத் தேற்ற ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தேடினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.