ஸ்கேன் படிக்கப் போன அண்ணி

அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. வாய் மூடித்தான் இருக்கும், முகம் ஊருக்கே தண்டோரா போட்டுவிடும். சீட்டாட உட்கார்ந்தால் அவளுக்கு எதிரில் இடம் பிடிக்க வீட்டில் அடிதடி நடக்கும். நல்ல சீட்டு கைக்கு வந்த மறு நொடியே புருவம் இரண்டும் ஏணி வைத்து நெற்றிக்கு ஏறிவிடும். கணவனுடைய பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வாங்கி அலமாரியில் துணிக்கடியில் ஒளித்து வைத்தாள். சாயங்காலம் அவன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டான், "என்ன வாங்கி வச்சிருக்க?"

எல்லோருக்கும் அவள் அண்ணி. கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டு அவன் நண்பர்கள் கூப்பிட்டார்கள், பிறகு எதிர்வீட்டுக்காரர்கள், பிறகு தெருவே. அவளைவிட மூத்தவர்கள்கூட "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் வாசலில் நின்று கேட்பார்கள்.

ஒரு ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிடுவதும், காத்திருப்பவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும்தான் வேலை. "முட்டுதா? இல்லையா? அப்ப இன்னும் ரெண்டு டம்ளர் குடிங்க." நெளிந்துகொண்டே உள்ளே போகிறவர்கள் ஒரு மாதிரியும், வெளியே வரும்போது வேறு மாதிரியும் இருப்பார்கள். நடுவில் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் புது மெஷின் வந்து இறங்கியது. அதைப் பொருத்த வந்தவர், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்கேன் கருவியைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொண்டார். சாவி கொடுக்க உள்ளே போன அண்ணி திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு ரத்தக்குழாய், மீன் வாயைப்போலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷரோ அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் கொட்டாவி விட்டார்.

அன்று கணவன் வீட்டுக்கு வந்ததும் சொன்னான், "என்னமோ முடிவு பண்ணியிருக்க."

"படிக்கப் போறேங்க. ஸ்கேன் எடுக்கற படிப்பு. யூனிவர்சிட்டியில."

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

"நான் வேலை செய்யறப்ப என் மூஞ்சியை யாரும் பார்க்கறதில்ல. உனக்கு அப்படி இல்ல. படுத்திருக்கறவங்க உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அதை யோசிச்சியா?"

"யோசிக்கலையே."

"சரி, போ. போகப் போகப் பார்த்துக்கலாம்."

மாமியார் மட்டும் மறுபேச்சே பேசவில்லை. "அவ உப்பு போடற லட்சணத்துக்கு, சமையலறைப் பக்கம் வராம புத்தகத்தோட இருந்தாலே குடும்பத்துக்கு விடிவுகாலம்தான்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் வகுப்புக்குள் அவள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், பாடம் நடத்த வந்தவள் என்று நினைத்து. அவள் வெட்கத்தில் சிவந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும்தான் சிரிப்பு கிளம்பியது. உடற்கூறு அவளுக்குப் பிடித்தது. இயற்பியல்தான் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. காதுக்கே கேட்காத சத்தம், அது உடம்புக்குள் போய் முட்டித் திரும்பி வந்து படமாகிறது என்றால் எப்படி நம்புவது? முதல் தேர்வில் கோட்டை விட்டாள்.

கணவன் அவளைத் தான் வேலை செய்கிற கட்டடத்துக்குக் கூட்டிப் போனான். லிஃப்ட் வழித்தடத்தின் கதவைத் திறந்து, அவளை எட்டவே நிற்கவைத்து, உள்ளே பார்த்து "ஓய்!" என்று கத்தினான். சத்தம் கீழே போய் அடித்துத் திரும்பி வந்தது. "நடுமாடியில லிஃப்ட் நின்னா சத்தம் சீக்கிரம் திரும்பி வரும். அடியில நின்னா லேட்டா வரும். அவ்வளவுதான் விஷயம்." மாடிக்கு மாடி வீட்டுக்காரர்கள் வெளியே வந்து யார் விழுந்தது என்று பதறிக் கேட்டார்கள். இரண்டாம் தேர்வில் அண்ணி தேறிவிட்டாள்.

செய்முறைப் பயிற்சிக்கு மாணவர்கள் ஒருவரை ஒருவர் ஸ்கேன் செய்து பழகுவார்கள். வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம். கணவன் லாயக்கில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அவனுக்குக் கூச்சம் அதிகம். குளிர்ந்த ஜெல் வயிற்றில் படுவதற்கு முன்பே, பாட்டிலைக் கண்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். கட்டில் குலுங்கும், திரையில் கல்லீரலும் சேர்ந்து குலுங்கும்.

கொழுந்தன்தான் கைகொடுத்தான். ஒல்லிக்குச்சி. சாப்பிட்டது எங்கே போகிறது என்று மாமியார் தினமும் வியக்கும் உடம்பு. வெறும் வயிற்றோடு பசியில் வந்தவன் பயிற்சிக்கூட வாசலிலிருந்தே "அண்ணீ, சீக்கிரம் முடிங்க, உயிர் போகுது!" என்று கத்தியதில், வகுப்பிலும் அன்றிலிருந்து அவள் அண்ணி ஆனாள். கருவியை அவன் வயிற்றில் வைத்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மற்ற வயிறெல்லாம் மூட்டம் போட்ட வானம் என்றால் அவன் வயிறு சித்திரை வெயில். பித்தப்பை கறுப்பாக, ஓரம் துல்லியமாக, வரைந்து வைத்ததுபோல் நின்றது. பிள்ளைகள் வரிசை கட்டினார்கள்.

"என் கிட்னியை ஒரு யூனிவர்சிட்டியே பார்த்திருக்கு" என்று அவன் வேலை செய்யும் அச்சகத்தில் பெருமையடித்துக்கொண்டான்.

வலக்கையில் கருவி, இடக்கையில் பொத்தான்கள், கண் திரையில், காது நோயாளியின் மூச்சில். மணிக்கட்டு வலித்தது, தோள் வலித்தது, பிறகு ஒருநாள் வலிக்கவில்லை. கை வந்துவிட்டது.

முகம் வரவில்லை. அது தெரிந்தது, பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டபோதுதான்.

அங்கே அவளுக்கு மேற்பார்வை பார்த்தவள் அவளைவிட ஐந்தாறு வயது சின்னவள். வேகமானவள், வார்த்தையில் சிக்கனம். முதல் வாரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இடுப்புவலி என்று வந்து படுத்தார். அண்ணி வலது சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டாள். இடது சிறுநீரகம் அகப்படவில்லை. நடுவில் குடலின் காற்று திரை போட்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். நெற்றி சுருங்கியது, உதடு மடிந்தது, கண் இடுங்கியது. ஒருவழியாக அகப்பட்டது. நல்ல, ஆரோக்கியமான சிறுநீரகம். படத்தைப் பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தால், ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்து தம்பிக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏதாவது ஆனா வண்டியை நீ எடுத்துக்கடா. கிளட்ச் மட்டும் மாத்திடு. அண்ணியைப் பார்த்துக்க."

அவர் சொன்னது அவருடைய மனைவியை. அண்ணி தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மேலும் கலங்கினாள். அந்தக் கலக்கத்தைப் பார்த்து ஓட்டுநர் அழவே ஆரம்பித்துவிட்டார். மேற்பார்வையாளர் ஓடிவந்து, டாக்டரை அழைத்து, ஒன்றுமில்லை என்று சொல்லவைத்து அவரை அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு மேற்பார்வையாளர் சொன்னாள், "உங்க கை பாஸ். முகம் ஃபெயில்."

வீட்டில் அவசரக் கூட்டம் கூடியது. முகத்தைக் கல்லாக்கிக்கொள்ளப் பழகுவது என்று முடிவாயிற்று. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். கொழுந்தன் நகைச்சுவை சொன்னான். கணவன் "நீ வாங்கின புதுக் குடையை பஸ்ஸுல விட்டுட்டேன்" என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

மாமியார் உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, பல்லு ஏதாவது வலிக்குதா?"

"இல்ல அத்தை. முகத்தைச் சும்மா வச்சிருக்கேன்."

"இது சும்மா இருக்கற முகமா? இதைப் பார்த்தா நல்லா இருக்கறவனே உயில் எழுதிடுவான்."

குடை நிஜமாகவே தொலைந்திருந்தது என்பது வேறு கதை.

மாமியார் சொன்னது ஆஸ்பத்திரியில் பலித்தது. கல் முகத்தோடு வேலை செய்த நாட்களில் நோயாளிகள் முன்னைவிட அதிகம் பயந்தார்கள். "ஏன் பேச மாட்டேங்கறீங்க? ஏதாவது இருக்கா?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். இது எனக்குச் சரிப்படாது, பேசாமல் முன்மேசைக்கே திரும்பிப் போய்விடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் வகுப்புப் பயிற்சியில் அவள் படுக்க வேண்டிய முறை வந்தது. கருவி பிடித்தவன் வகுப்பிலேயே அமைதியானவன், பிள்ளையார்போல உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவன். கல்லீரலில் ஓரிடத்தில் கருவியை வைத்தான். நகர்த்தவில்லை. பேசவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அண்ணிக்கு நேற்று சாப்பிட்ட மாத்திரையிலிருந்து சின்ன வயதில் வந்த காமாலை வரை எல்லாம் நினைவுக்கு வந்தது.

"என்னடா தம்பி? என்ன இருக்கு? சொல்லித் தொலை!"

"மெஷின் ஹேங் ஆயிடுச்சு, அண்ணி" என்றான் அவன், அதே முகத்தோடு.

அவள் சிரித்தாள், வயிற்றில் ஜெல் வழிய. சிரித்து முடித்ததும் யோசித்தாள். முகம் சுருங்கினாலும் பயம், சுருங்காவிட்டாலும் பயம். அப்படியானால் முகத்தில் கோளாறு இல்லை. அந்த முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று படுத்திருப்பவருக்கு யாரும் சொல்லாததுதான் கோளாறு.

மறுநாளிலிருந்து ஜெல் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்: "பாருங்க, நான் தேடும்போது மூஞ்சியைச் சுளிப்பேன். அது உங்களால இல்ல, என் மூஞ்சியோட ராசி அப்படி. முடிவு டாக்டர்தான் சொல்வாங்க. இப்ப நான் மண்ணீரலைத் தேடறேன், அது விலா எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு." படுத்திருப்பவர்கள் சிரித்தார்கள். சிரித்த வயிறு இளகியது, இளகிய வயிற்றில் படம் நன்றாக விழுந்தது. சிலர் அவளோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். "கிடைச்சுதா?" "இன்னும் இல்ல, நீங்க ஒரு மூச்சு இழுங்க." மேற்பார்வையாளர் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

கடைசி வருஷத்தில் ஒரு காலை, முதல் குழந்தையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கூட யாரும் இல்லை. கணவன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான், வந்துவிடுவான் என்றாள். அண்ணி வழக்கமான பாட்டைப் பாடினாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அண்ணி கருவியை வைத்தாள். குழந்தை இருந்தது. தலை, கை, வளைந்த முதுகு, எல்லாம் இருந்தது. நெஞ்சுக்குள் துடிக்க வேண்டியது துடிக்கவில்லை. கோணத்தை மாற்றினாள். படத்தைப் பெரிதாக்கினாள். அசைவே இல்லை.

மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் கருவியை வாங்கித் தானும் பார்த்தாள். அண்ணியின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். அறையில் இருவர் மட்டும்.

அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் தேடறீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மூஞ்சியின் ராசி அப்படி என்று தானே சொல்லிவைத்திருக்கிறாள், அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். டாக்டர் வரும்வரை இழுத்துவிடலாம். அண்ணிக்கு அது முடியவில்லை. முடிவைச் சொல்லவும் அவளுக்கு உரிமையில்லை.

"இல்லம்மா. தேடல. பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன். அதை டாக்டர்தான் சொல்லணும், இப்ப வந்துடுவாங்க. உங்க வீட்டுக்காரரை நான் வரச்சொல்றேன். அதுவரைக்கும் நான் எங்கேயும் போகல."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். அண்ணி ஜெல் ஒட்டியிருந்த கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள். வெளியே இருந்த உதவியாளரிடம் கணவனைத் தேடச் சொன்னாள். அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, வாசலில் நின்று, சாவியைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் வந்து மெதுவாகச் சொன்னார். அண்ணி ஒரு பக்கமும் கணவன் ஒரு பக்கமுமாக நின்றார்கள். அண்ணியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போன பிறகு மேற்பார்வையாளர் கட்டில் விரிப்பை மாற்றினாள். அது அவள் வேலையே இல்லை. "நானா இருந்தா திரும்பி நின்னுக்கிட்டிருப்பேன்" என்றாள், விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே. பிறகு, "போய் முகம் கழுவிட்டு வாங்க, அண்ணி. அடுத்தவங்களைப் பத்து நிமிஷம் உட்கார வச்சிருக்கேன்" என்றாள்.

அவள் பட்டம் வாங்கிய அன்று, அங்கி நீளமாக இருந்ததால் மேடைப் படியில் தடுக்கி, சான்றிதழ் கொடுக்க வந்தவரின் கையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்ற படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டியது மாமியார். வருகிறவர்களிடமெல்லாம் "அவர்தான் முதல்ல கையை விட்டாரு" என்று விளக்கமும் சொல்லுவாள்.

இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் தொடையில் கட்டி என்று ஒரு காவலாளி வந்தார். இரவுப்பணி முடித்து நேராக வந்தவர். அண்ணி விளக்கை மங்கலாக்கி, ஜெல்லை வெதுவெதுப்பாக்கி வைத்து, "இப்ப நான் என்ன பண்றேன்னா..." என்று ஆரம்பித்து, தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். மனுஷர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் படுக்கச் சொல்ல வேண்டும். பின்பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே அடுத்தவர் யாருமில்லை என்று கதவைத் திறந்து பார்த்துக்கொண்டாள். போர்வையை அவர் முழங்கால் வரை இழுத்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி உட்கார்ந்தாள்.