ஏரிக்கரையில் நின்றுபோன குட்டி டிராக்டர்

பச்சைப் பெட்ரோல் வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும் என் காதுமடல் சூடாகிவிடும். வெட்கத்தின் சூடு அது. போன வருஷம், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்த ஒரு காலையில், காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைப் பக்கம் எங்கள் ஏரிக்கரையில் அந்தச் சூடு என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதியான பாவு ஒன்று தீரும்போது, அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைத்துக் கொடுப்பது என் வேலை. விரலில் துளி சாம்பல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான இழை. தறி நம் வீட்டுக்கு வராது, நாம்தான் தறி இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்பு ஷேர் ஆட்டோ ஒன்று கவிழ்ந்ததில் என் இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கைத்தடியோடு வாசலைத் தாண்டலாம், தெருவைத் தாண்ட முடியாது. யாராவது வந்து கூட்டிப்போனால் வேலை. வராவிட்டால் நாள் முழுக்கச் சுவர், பல்லி, மின்விசிறி. சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு அதைவிட வேறு சிறை வேண்டுமா?

ஒரு பண்ணை விடுதியை மூடும்போது, குழந்தைகள் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்த சின்ன நாலு சக்கர பைக்கை என் கணவர் எனக்காக வாங்கி வந்தார். கால் ஊன்ற வேண்டாம், கியர் வேண்டாம். கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் ஓடும். தெருவில் அதற்குக் குட்டி டிராக்டர் என்று பேர் வைத்தார்கள். மெயின் ரோடு பக்கம் போகாமல் ஏரிக்கரை, வயல்வழி, தறித்தெரு என்று நான் சுற்றாத இடமில்லை. காற்று முகத்தில் அறையும். கொக்கு எழும்பும். நானும் எழும்புவேன்.

முதலில் அதைச் சரி பார்த்துக் கொடுத்தவர், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மருந்து தெளிக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் கண்ணெதிரே கார்புரேட்டரைப் பிரித்து, அரை விரல் நீளப் பித்தளைத் துண்டு ஒன்றைக் காட்டினார்.

“இதாம்மா ஸ்லோ ஜெட். வண்டி சும்மா நிக்கசொல்ல இது வழியாத்தான் பால் குடிக்கும்.”

அதன் நடுவில் ஊசிமுனைத் துளை. பார்த்ததும் என் விரல்கள் குறுகுறுத்தன. இழை நுழைக்கத் தோன்றும் துளை.

இரண்டு மாதம் கழித்து, வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது லேசாக நடுங்கியது. அவரிடம் காட்டியிருக்கலாம். நானோ வீட்டிலேயே பிரித்தேன். பாவில் தப்பிய இழையைத் தறியின் எத்தனை ஊசிக் கண்ணுக்குள் நுழைத்திருக்கிறேன், இது ஒரு வேலையா? கம்பியைவிட மெல்லியது, நூலைவிட விறைப்பானது எது? கைக்கு எட்டும் தூரத்தில் சரிகை. ஒரு துண்டை எடுத்து, துளையில் விட்டு இப்படியும் அப்படியும் உருவினேன். மாட்டினேன். ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாளிலிருந்து கட்டைவிரலை எடுத்தால் வண்டி செத்தது. அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடும், வேகம் குறைத்தால் உயிர் போகும். திருப்பத்தில், மாட்டுக்கு முன்னால், கதவு திறக்கக் காத்திருக்கும்போது, எங்கும் செத்தது. என் கை தப்பு செய்திருக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஏறி நேராக மெக்கானிக் கடைக்குப் போனேன். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“நீ கை வெச்ச பிறகுதான்யா இப்படி ஆச்சு! மருந்து மெஷின் பாக்கிற கையில என் வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“வண்டிய எடுத்துக்கினு வாம்மா, பாக்கலாம்.”

“ஒண்ணும் வேணாம். இனிமே உன் கடைப் படி ஏறினா என்னை ஏன்னு கேளு!”

யாரோ சிரித்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அதோடு விடவில்லை. போன தறிவீட்டிலெல்லாம் அவர் வேலையைப் பற்றிப் பேசினேன். இழை பிணைக்கிறவள் வாய்க்கு ஊர் முழுக்கக் காது உண்டு.

என் கணவர் பயந்துபோனார். “என்னிக்காவது மதகுல உருண்டுடுவே. வித்துடலாம்” என்றார். வாங்க ஒருவர், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்த அந்த நாள் சாயந்தரம் வருவதாகச் சொல்லியிருந்தார். சரி என்றேன். இனி மறுபடி சுவர், பல்லி, மின்விசிறி. அந்தக் காலை கடைசி ஓட்டம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

மதகுக்கு முன்னால் கரை குறுகும், வேகம் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தேன். செத்தது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணியதில் பேட்டரியும் முனகி ஓய்ந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல். அரை மணி நேரம் ஈ காக்கை இல்லை. பிறகு ஒரு பைக் சத்தம். பின்சீட்டில் மருந்து மெஷினைக் கட்டிக்கொண்டு, யார் வயலுக்கோ போய்க்கொண்டிருந்த அதே மெக்கானிக். நான் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“இன்னாம்மா, குட்டி டிராக்டர் மீன் புடிக்க வந்துச்சா?”

“ஒண்ணுமில்ல. நீ போ.”

“கடைப் படிதானே ஏற மாட்டேன்னே? இது ஏரிக்கரைதானே.”

இறங்கிவிட்டார். தன் பைக் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து என் வண்டிக்கு உயிர் கொடுத்தார். கட்டைவிரலை எடுக்கச் சொன்னார். செத்தது. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துவிட்டு மறுபடி. இந்த முறை சாகாமல் இருமிக்கொண்டே ஓடியது.

“சோக் போட்டா ஓடுது, எடுத்தா சாவுது. அப்ப பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி, என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக் காதைச் சாய்த்தார். சத்தம் மாறவில்லை. “ரப்பர்ல வெடிப்பு இல்ல. காத்து வெளியிலேர்ந்து வர்ல.” பிறகுதான் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். பெட்ரோல் என் கையிலும் சேலையிலும் சிந்தியது. நான் பித்தளைத் துண்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வானத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கினார்.

“வெளிச்சமே வர்லியே.”

பையிலிருந்து சைக்கிள் பம்பை எடுத்து, ஜெட்டின் வாயில் வைத்து அழுத்தினார். இரண்டாவது அழுத்தலில் எதுவோ நுனி நீட்டியது. நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தார். அரிசி நீளம்கூட இல்லை. பிசிர் பிசிராகப் பட்டு, அதைச் சுற்றி வெயிலில் மினுக்கிக்கொண்டு சரிகை.

என் உள்ளங்கையைக் காட்டச் சொல்லி, அதன் மேல் வைத்தார். “யம்மா, இது எங்க கடைச் சரக்கு இல்லியே.”

நுழைத்த துண்டும் உருவிய துண்டும் ஒரே நீளமா என்று நான் பார்க்கவேயில்லை. பாவில் ஒரு இழை குறைந்தாலே கண்டுபிடிக்கிறவள்!

“மண்ணு எடுத்திருக்கேன், துரு எடுத்திருக்கேன், ஒரு வாட்டி எறும்புகூட எடுத்திருக்கேன். தங்கம் எடுத்தது உன் வண்டியிலதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். தேடிக் களைத்தேன்.

“அண்ணே, நான்தான் குத்தினேன்.”

“தெரியுதும்மா. குத்தக் கூடாது, ஊதணும். அவ்ளோதான்.”

“ஊரெல்லாம் உங்களைப் பேசிட்டேனே. நாளைக்குக் கடைக்கு வந்து, நான் செஞ்ச தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“வா. கூட்டம் இருக்கிற நேரமாப் பாத்து வா.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர்.

எல்லாவற்றையும் மாட்டினார். ஒரு சின்ன திருகாணியை உள்ளே முழுக்க முறுக்கி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே விட்டார். ஸ்டார்ட் செய்து, கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு திருகினார். இழையின் இழுவிசையை நான் விரலில் கேட்பதுபோல அவர் என்ஜினைக் காதால் தொட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரலை எடுத்தேன். வண்டி நின்ற இடத்திலேயே, நடுக்கமில்லாமல், தூங்கும் குழந்தையின் மூச்சுபோல ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து, வாங்க வருகிறவரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

மறுநாள் கூட்டம் பார்த்துத்தான் போனேன், சொன்னேன். அது பெரிய விஷயமில்லை. என்னை ஊர் நடுவே நிறுத்திச் சிரிக்க ஒரு மனிதருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் அந்த நியாயத்தை, சரிகைத் துண்டோடு சேர்த்து என் உள்ளங்கையிலேயே வைத்து மூடிவிட்டார். நான் இன்றைக்கும் ஏரிக்கரை தாண்டுகிறேன் என்றால் அந்த மூடிய கையால்தான்.

அன்று ஏரிக்கரையில் அவர் தன் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும், அவர் போகும் வரை சும்மா ஓட விடுவானேன் என்று என் வண்டியை அணைக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அணைக்காதம்மா. அந்த வளைவு தாண்ற வரைக்கும் ஓடட்டும். சத்தத்தக் கேட்டுக்கினே போறேன்.”