முன்கதவில் சீட்டு, பின்கதவில் சீசா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, திண்டிவனம் ஸ்டேஷன் ரோட்டில், ஊரார் பலர் பார்த்திருக்க, ஒரு டாக்டரின் கையைப் பற்றி அவருடைய மோட்டாரிலிருந்து கீழே இறக்கினேன். அறுபத்து மூன்று வயதில் ஒருவன் செய்யத் தக்க காரியம் அன்று. ஆயினும் செய்தேன். அதற்காக வருத்தம் தெரிவிக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

வாரந்தோறும் இப்பத்திரிகையில் இவ்விடத்தில் மழையையும் மாட்டுச் சந்தையையும் ரயில் தாமதத்தையும் பற்றி நிதானமாக எழுதிவருபவனுக்கு என்ன நேர்ந்தது என்று தாங்கள் கேட்கக்கூடும். சொல்கிறேன். இவ்வாரம் நிதானம் இல்லை.

விழுப்புரத்துத் தனவந்தர்கள் சிலர் சேர்ந்து ஒரு மருந்து மோட்டாரை நடத்திவருகிறார்கள். செவ்வாய்தோறும் காலையில் புறப்பட்டு, கூட்டேரிப்பட்டில் சிறிது நேரம் நின்று, பின் எங்கள் ஊருக்கு வரும். நீல வர்ணம். பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்து — ‘ஏழைக் குழந்தைகளுக்கு இலவச வைத்தியம்’. முன்கதவருகில் டாக்டர் அமர்ந்து, குழந்தையைப் பார்த்து, ரிஜிஸ்தரில் பெயர் எழுதிச் சீட்டுக் கொடுப்பார். பின்கதவில் கம்பவுண்டர் நின்று, சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து ஊற்றுவார்.

எதில் ஊற்றுவார்? நாம் கொண்டுபோகும் சீசாவில். காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பசை தடவி அந்தச் சீசாவின்மேல் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கம் இதுவே. நம் ஜில்லாவில் இதை அறியாதவர் இல்லை. சீசா இல்லாதவர் என்ன செய்வார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்பதற்கு எனக்கு வாய் ஏது? அந்த வரிசையில் நான் இரண்டு சீசாக்களுடன் நிற்பவன். ஒன்று என் இருமலுக்கு. மற்றொன்று என் மனைவியின் வயிற்று வலிக்கு. நான் ஏழையும் அல்லேன், குழந்தையும் அல்லேன். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளை எடைபோட்டு ஓய்வு பெற்றவன்; அரிசி விலைக்கு வாங்கி உண்பவன். என் பேரன் பெயரைச் சொல்வேன். டாக்டர் எழுதிக்கொள்வார். பேரனை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களில் பாதிப்பேர் இவ்வாறே. ஊரில் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை... இலவசந்தானே!

மூன்று வாரங்களுக்கு முன், எனக்கு முன்னால் பச்சையம்மா என்பவள் நின்றாள். இடுப்பில் ஆறு வயதுப் பெண் அஞ்சலை. கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் மண்டிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்க வந்தவள். பருவம் முடிந்த பின்னும் திரும்பிப் போக அவளுக்கு அங்கே வீடு இல்லை. குடோன் சுவரோரம் சாக்குக் கட்டிக் குடியிருக்கிறாள்.

“எந்த ஊரு?” என்றார் டாக்டர்.

“கண்டாச்சிபுரம் பக்கம்ங்க. இப்ப குடோன் செவுத்தோரம்ங்க.”

“செவுரெல்லாம் ஊராம்மா?” என்றவர், குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “காய்ச்சக் கட்டி விழுந்திருக்கு. முறைக் காய்ச்சல், மலேரியா. கொயினா மிக்ஸ்சர் எழுதறேன். மூணு வேளையும் குடுக்கணும்.” அவர் எழுதினார். நல்ல மனிதர், பிழையின்றிப் பார்த்தார். அதில் குறை சொல்வதற்கில்லை.

அவள் பின்கதவுக்குப் போனாள்.

“சீசா எங்க?” என்றார் கம்பவுண்டர்.

பச்சையம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டினாள். வரிசையில் சீசாக்களை மூட்டையாகக் கட்டிவைத்திருந்த அம்மாள் ஒருத்தி, “இன்னாடி, கொட்டாங்கச்சியத் தூக்கிக்கினு கள்ளுக்கடைக்கு வந்தியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

“மூணு நாளு மருந்தும்மா இது. இதுல ஊத்தினா நீ தெரு தாண்டறதுக்குள்ள பாதி சிந்திப் பூடும். லேபிளு எதுல ஒட்டறது? அடுத்த வாரம் சீசா கொண்டா. ஜல்தி நவுரு, ஜனம் நிக்குது” என்றார் கம்பவுண்டர்.

“ஒரு வேளைக்காவது இப்பவே வாயில ஊத்துங்க சாமி.”

கம்பவுண்டரிடம் அளவு கிளாஸ் ஒன்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார். குழந்தையின் வாயைப் பார்த்தார். கிளாஸை அலமாரிக்குள் வைத்துவிட்டார். அந்த வாய் அந்தக் கிளாஸில் படக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எதிலும் இல்லை. எனினும் அங்கிருந்த அனைவருக்கும் அது விளங்கியது. அவள் கையில் இருந்த சீட்டையும் அவர் வாங்கி ஆணியில் குத்திக்கொண்டார்.

அடுத்த செவ்வாயன்று அவள் ஒரு சீசா கொண்டுவந்தாள். யுத்தம் தொடங்கியதிலிருந்து காலி சீசாவுக்கும் கிராக்கி. எங்கே கெஞ்சிப் பெற்றாளோ! சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். முன்கதவில் மறுபடியும் பெயர் எழுதப்பட்டது. பின்கதவில் கம்பவுண்டர் சீசாவை மூக்கருகில் கொண்டுபோனார்.

“கிருஷ்ணாயில் நாத்தம் குடலப் பொரட்டுது. இதுல ஊத்திக் குடுத்து, புள்ள வாந்தி எடுத்தா யாரு ஜவாபு? வேற கொண்டா.”

அவர் சொன்னது நியாயந்தான். நியாயமாகவே ஒவ்வொன்றையும் சொல்லி, நியாயமாகவே அந்தக் குழந்தையை இரண்டாவது வாரமும் வெறுங்கையுடன் அனுப்பினார்.

“பெரியவரே, நீங்க ஒரு சீசா குடுங்களேன்,” என்று பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள். என் கையில் இரண்டு இருந்தன. வீட்டுப் பரணிலும் இருந்தன. “அடுத்த வாரம் பாக்கலாம்மா” என்றேன். ஐயா, இச்சொற்களை நான் வேறொருவர் வாயில் வைத்து எழுதியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தவை அவை.

மூன்றாவது செவ்வாய். நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன் பச்சையம்மா, கையில் தெளிந்த கண்ணாடிச் சீசா, கார்க்குடன். ஒரு வீட்டில் மூன்று நாள் மல்லாட்டை உடைத்து, கூலி வேண்டாம் சீசா போதும் என்று கேட்டு வாங்கியதாகச் சொன்னாள். இடுப்பில் குழந்தை இல்லை.

“புள்ள எங்கம்மா?” என்றார் டாக்டர்.

“எழுந்திருக்க மாட்டேங்குதுங்க. தூக்கினா வலிப்பு வருதுங்க. இதோ, குடோனுங்க. எட்டிப் பாத்தா தெரியும்ங்க.”

“பாக்காம எப்பிடிம்மா எழுதறது? ரூல் இருக்குது. தூக்கிக்கினு வா, போ.” பிறகு அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். “வாங்க சார். பேரனுக்கு இருமல் எப்பிடி இருக்கு?”

அப்போதுதான் அவர் கையைப் பற்றினேன்.

“இன்னா சார், இன்னா பண்றீங்க?” என்றார். பின்கதவிலிருந்து கம்பவுண்டர், “பெரியவருக்கு வெயில் தலைக்கு ஏறிக்கிச்சு” என்றார். நான் கையை விடவில்லை. “என் பேரன் நேற்றுப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். அவனை நீங்கள் பார்த்ததே இல்லை. இந்தக் குழந்தையைப் பாருங்கள்” என்றேன்.

குடோன் சுவர் அங்கிருந்து நூறு தப்படிகூட இராது. நடமாடும் வைத்தியம் என்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நடமாடியவை நான்கு சக்கரங்கள். அவற்றின்மேல் வந்தவர்கள் அதுவரை ஒரு நாளும் அந்த நூறு தப்படியை நடந்ததில்லை.

மல்லாட்டைத் தொலியைப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து, அஞ்சலையைக் கிடத்தியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. டாக்டர் குந்தி உட்கார்ந்தார், பாதத்தைத் தொட்டார், நாடியைப் பிடித்தார். அவர் முகம் மாறியது.

“ரெண்டு வாரம் மருந்து குடுத்தேனே... எழுதியிருக்கேனே?” என்றார்.

“எழுதினீங்க சாமி,” என்றாள் பச்சையம்மா. “குடுக்கல.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவள். அவர் என்னைப் பார்த்தார். நான் கொட்டாங்கச்சியையும் கிருஷ்ணாயிலையும் பற்றிச் சொன்னேன். அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்பதை நான் நம்புகிறேன். வண்டியின் முன்கதவில் இருப்பவருக்குப் பின்கதவு தெரியாது. திரும்பிப் பார்த்தால் தெரியும்.

குழந்தையை அவரே தூக்கினார். “மருந்து வண்டிங்க, சீக்காளிய ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு” என்றார் கம்பவுண்டர். “ஏத்தறேன். நீ கதவத் தெற” என்றார் டாக்டர். அன்று வேறு யாருக்கும் மருந்து கிடைக்கவில்லை. வண்டி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டது.

“ஒருத்திக்காவ இத்தினி பேரு நின்னது வீணாப்பூச்சு. பெரிய பேஜாரு,” என்று சீசா மூட்டை அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள். “ஒனக்கு இன்னா, நீ இருமினு இருந்தா ஊரு தாங்கும். எங்க சீக்கு தாங்குமா?” இருமினேன்.

வியாழக்கிழமை ரயிலேறி விழுப்புரம் சென்றேன். அஞ்சலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டிருக்கிறார்கள். “காலைலேருந்து கேப்பக்கூழு கேட்டு உசுர எடுக்குதுங்க” என்று பச்சையம்மா சலித்துக்கொண்டாள். அதைவிட இனிய சலிப்பை நான் கேட்டதில்லை. பிழைத்துவிட்டாள்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் இது வழக்கமான பத்தியாய் முடிந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. மோட்டார் நிற்கும் கொட்டகைக்குச் சென்று, ரிஜிஸ்தரைக் காட்டும்படி டாக்டரைக் கேட்டேன். காட்டினார்.

அஞ்சலையின் பெயர் இரண்டு செவ்வாய்களிலும் இருந்தது. ஊர் என்ற இடத்தில், ‘இல்லை’. கடைசிக் கட்டத்தில், ஆணியில் குத்திய சீட்டைப் பார்த்து எழுதிய ‘மருந்து கொடுக்கப்பட்டது’. அதற்கு நேர் கீழே, அதே கையெழுத்தில், என் பேரன். அவனுக்கும் கொடுக்கப்பட்டது.

“இவ்விரண்டையும் அடித்துவிடுங்கள். ஒன்று பெறாதது, மற்றொன்று பொய்” என்றேன்.

டாக்டர் பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். “அடிக்கலாம் சார். அப்பறம் எல்லாத்தையும் அடிக்கணும். இந்தப் பொஸ்தகத்துல இன்னா மிஞ்சும்? ரிப்போர்ட் மேல போயிடுச்சு. இத்தினி கொழந்தைக்கு வைத்தியம்னு அச்சடிச்சிட்டாங்க. அதான் பொண்ணு பொழைச்சிடுச்சே, விட்டுடுங்க.”

நல்ல மனிதர் என்று மேலே எழுதினேன். அதை மாற்றவில்லை. நல்ல மனிதர்களைக் கொண்டே இவ்வளவும் நடக்கிறது என்பதுதான் என்னைத் தின்கிறது.

பக்கங்களைப் புரட்டினேன். ஊர் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட குழந்தைகள் இன்னும் ஆறு பேர். ஆறு பேருக்கும் மருந்து கொடுக்கப்பட்டது என்றே இருந்தது. பெயர்களைக் குறித்துக்கொண்டு மூன்று நாள் தேடினேன். ஸ்டேஷன் புறத்திலும் மண்டிகளிலும் கூட்டேரிப்பட்டுக் கடைத்தெருவிலும் விசாரித்தேன். இருவர் கிடைத்தார்கள். இருவரும் ஒரு சொட்டு மருந்தும் பெறவில்லை. ஒருவனுக்குச் சீசா இல்லை; மற்றவளுடைய சீசாவுக்கு மூடி இல்லை. நால்வரை இன்னும் காணவில்லை. அவர்கள் வேறு ஊருக்குப் போயிருக்கலாம்... போயிருக்கட்டும் என்று வேண்டுகிறேன்.

காலி சீசாக்களை அனுப்பிவையுங்கள் என்று நான் கேட்கப்போவதாகத் தாங்கள் நினைக்கலாம். கேட்கவில்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். நானும் அப்படியே இருந்துவிடுவேன். நான் கேட்பது வேறு.

அந்த ரிஜிஸ்தர் விழுப்புரத்தில் பீரோவில் பூட்டிப் பத்திரமாக இருக்கிறது. நம் காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு எவ்வாறு வைத்தியம் நடந்தது என்று பிற்காலத்தில் எவரேனும் கேட்டால், அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் ஆறு பேரும் மருந்து பெற்றவர்கள். அஞ்சலை இரு முறை பெற்றவள். அஞ்சலையும் அவ்விருவரும் பெறவில்லை, நால்வரைக் காணவில்லை என்பது இந்தத் தாள் ஒன்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மல்லாட்டை மடிக்க இதைக் கிழித்துவிடாதீர்கள். வைத்திருங்கள்.