கரடிப் பொம்மைகள்

லண்டனில் மிச்சம் என்ற ஊரின் டிராம் நிறுத்தத்தில் மழை தூறுகிறது. தாய்லாந்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவன் நான். லீவில் இங்கே வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு உதவி சேர்க்கும் கமிட்டியில் இருக்கும் செல்வி அக்கா ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளுகிறார்.

"கரடிப் பொம்மையள், தம்பி. பிள்ளையள் துள்ளுவினம் பாரும்."

"அவையளுக்குப் பதினைஞ்சு வயசு, அக்கா."

"அப்ப என்ன வேணுமாம்?"

நிலத்தைப் பார்த்தே பேசுகிறவன், நிமிர்கிறேன்.

"பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்ப பஸ். அது இல்லாமல் மூண்டு பெட்டையள் படிப்பை விட்டிட்டினம். அவையளைப் பட்டணத்து வேலைக்குக் கொண்டுபோறனெண்டு தரகன் வந்து நிக்கிறான்."

"கமிட்டி பொம்மைக்குத்தான் ஓம் எண்டது."

"நான் அஞ்சாம் வகுப்புவரைதான் படிச்சனான். ஆனா பிள்ளையளிட்டைக் கேட்டனான். கமிட்டி கேட்டதோ?"

டிராம் வருகிறது. பெட்டியைத் தொடாமல் ஏறுகிறேன்.

"ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில வந்து வாய் திறப்பீரோ, பாப்பம்!" என்கிறார் அக்கா.

"வாறன்!"

என் சத்தத்துக்கு டிராமே திரும்பிப் பார்க்கிறது.