பக்கத்து வீட்டுக்கு விழுந்த வசனம்

எங்கள் தேவாலயத்தில் புதுவருடக் காலை ஆராதனை முடிந்ததும் வசனம் எடுப்போம். சின்னச் சின்ன அட்டைகளில் வேத வசனங்களை எழுதி, ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார் போதகர். வீட்டுக்கு ஒருவர் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருடம் அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. கலவரம் வந்த அந்த வருடம், கண்ணீரை அவர் துடைப்பார் என்ற வசனம் எனக்கு விழுந்தது. எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரிக்கு, வீட்டை எந்தத் தீங்கும் கிட்டாது என்ற வசனம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணீரைத் துடைப்பார் என்றால் முதலில் அழவேண்டுமே! அழுகிற வருடம் எனக்கு, ஆபத்தில்லாத வருடம் அவளுக்கா? நாங்கள் யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறையாக வேதக்காரர். என் அப்பு கோவிலில் பாட்டு நடத்தியவர். அவளோ தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து, வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நேற்றுப் பெய்த மழைக்கு இன்றைக்கு முளைத்த காளான் என்று நான் என் கணவரிடம் சொன்னதுண்டு. அவர் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் கிளாக்கர். கேட்டதும் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார், அவ்வளவுதான்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு குறுகிய ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நின்றன. வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர், நாங்கள் வாடகைக்கு. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முதலில் என் வீட்டில்தான் நடந்தது. நான் பற்றிஸ் பலகாரம் சுட்டு, கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டு, யன்னல் சீலைகளைத் தோய்த்துக் கட்டுவேன். ஒரு முறை எனக்குக் காய்ச்சல் என்று அவள் வீட்டில் வைத்தார்கள். வெறும் பிளேன்டீதான் கொடுத்தாள். பாயில் இருந்துகொண்டு அவள் ஜெபித்ததைக் கேட்டுப் போதகர் கண் கலங்கினாராம். அதற்குப் பிறகு கூட்டம் அங்கேயே தங்கிவிட்டது. "இந்த வீட்டுக்குள்ள வந்தால் ஒரு சமாதானம்" என்று போதகர் என் காதுபடச் சொன்னார். அப்படியென்றால் என் வீட்டில் என்ன இருந்ததாம், மூட்டைப்பூச்சியா?

அவள் ஜெபித்தால் நடந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வராத குழாயில் தண்ணீர் வந்தது, அவள் புருஷனுக்குச் சந்தைக் கடையில் வேலை நிரந்தரமானது. நான் ஒரு மாதம் உபவாசம் இருந்து என் கணவருக்குக் கேட்ட இடமாற்றம் மட்டும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விடியற்காலையில் முணுமுணுப்பது கேட்கும். நானும் எழும்பி, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக ஜெபிப்பேன். கடவுளுக்குக் கேட்டதோ தெரியாது, என் கணவரின் நித்திரை கெட்டதுதான் மிச்சம்.

அவள் தன் வசன அட்டையைக் கோதுமை மாப் பசை தடவி வாசல் கதவில் ஒட்டினாள். போதகர் வந்து நிலையில் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமையே நான் கண்டி டவுனுக்குப் போனேன். பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் அவளுக்கு விழுந்த அதே வசனத்தைச் சொல்லி, இரண்டு முழ நீளப் பலகையில் எழுதக் கொடுத்தேன். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து.

"கீழ சிங்களத்திலயும் போடவா?" என்று அவர் கேட்டார்.

"தமிழ் மட்டும் காணும்" என்றேன். அவளுடையதும் தமிழ்தானே.

பலகையைக் கண்டதும் என் கணவர் பேப்பரை இறக்கினார். "இது அந்தப் பிள்ளைக்கு விழுந்த வசனமெல்லே? உமக்கு விழுந்ததை மாட்டுமன்."

"கடவுளின்ர வார்த்தை எல்லாருக்கும் பொதுதானே? நீங்கள் ஆணியைப் பிடியுங்கோ" என்றேன்.

வாசலுக்கு மேலே, ஒழுங்கைமுனையிலிருந்தே தெரியும்படி மாட்டினோம். அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள். முகத்தில் ஒரு கோணல்கூட இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆடி மாதம் தமிழர்மேல் கலவரம் வெடித்துக் கொழும்பு எரிகிற செய்தி வந்து, பின்னால் கண்டிக்கும் நெருப்பு வந்தது. மத்தியானம் டவுன் பக்கம் புகை எழும்பியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்து நின்றது. அக்குறணை முஸ்லிம் கடை முதலாளி ஒருவருடையது. என் கணவர் அவருக்கு இங்கிலிஷ் கடிதம் எழுதிக் கொடுப்பவர். அந்த நன்றிக்கு என் கணவரைக் கந்தோரிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்திருந்தார் முதலாளி. "தங்கச்சி, ஒண்டும் எடுக்க வாணாம். பக்கத்து வீட்டாக்களையும் கூப்பிடுங்க, சுறுக்கா ஏறுங்க" என்று கத்தினார்.

நான் நகைப்பெட்டியையும் யாழ்ப்பாணக் காணியின் உறுதிக் கடதாசிகளையும் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு ஓடி ஏறினேன். அவள் புருஷன் சந்தையிலிருந்து ஓடிவந்து ஏற்கெனவே உள்ளே இருந்தான். அவளைத்தான் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், என் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு ஏறி நின்று, தேங்காய் வெட்டுகிற கத்தியால் என் பலகையை நெம்பிக்கொண்டிருந்தாள்!

"கை வையாதையும்! என்ர பலகையை விடும்! எரிச்சல் பிடிச்சவளே!" என்று நான் வானுக்குள்ளிருந்து கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. ஆணியோடு பிடுங்கிக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் வாழைக்குள் எறிந்தாள். பிறகு தன் கதவுக்குப் போய் அட்டையை நகத்தால் சுரண்டினாள். அதற்குள் ஒழுங்கைமுனையில் சத்தம் கேட்டது. முதலாளி ஹோனை அடித்துக்கொண்டே இருந்தார். அவள் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஏறினாள். நகக்கண்ணில் இரத்தம்.

அலவத்துகொடயில் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். ஊரடங்கு நீக்கும்வரை அங்கேதான் இருந்தோம். நான் அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பின்னேரங்களில் முழங்காலில் நின்று ஜெபிப்போம். நான் என் வீட்டை அறை அறையாகப் பெயர் சொல்லி ஜெபித்தேன்: குசினி, அலுமாரி, மேசை, யன்னல் ஒவ்வொன்றாக. ஒரே சுவர் என்றபடியால் அவள் வீட்டையும் சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. என் வீட்டின் காவலைப் பிடுங்கி எறிந்தவளுக்கு நான் ஏன் கேட்கவேண்டும்?

திரும்பி வந்தபோது என் வீடு பூட்டினபடி நின்றது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அவள் கதவு நெடுகப் பிளந்து கிடந்தது. உள்ளேயிருந்த சாமானெல்லாம் முற்றத்தில் போட்டு எரித்திருந்தார்கள். தையல் மெஷினின் இரும்பு மட்டும் கறுத்து நின்றது. பிளந்த கதவுப் பலகையில் அவள் அட்டை பாதி ஒட்டியபடி இருந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பார்த்தாயா, வசனம் உனக்கு விழுந்தும் கடவுள் நின்றது என் வாசலில்!

எதிர் வீட்டுச் சிங்களப் பெண் தெருவைக் கடந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "அவங்க கதவு பாத்து பாத்து வந்தாங்க, நோனா. ஒங்க வீடு நம்ம ஆள் வீடு சொன்னேன். எழுத்து இல்ல, நம்பிட்டாங்க. அந்த வீட்ல தமிழ் எழுத்து இருந்திச்சி. நான் என்ன சொல்றது?" என்று அழுதாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பேப்பர் இல்லாதபடியால் அந்தப் பார்வையை மறைக்க அவருக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவர்களை என் வீட்டில்தான் தங்க வைத்தோம். குசினியில் தேத்தண்ணி ஊற்றும்போது அவளிடம் கேட்டேன். "உம்மட கதவை விட்டிட்டு ஏன் முதல்ல என்ர வாசலுக்கு வந்தனீர்?"

"ஒங்களுது பெரிசுக்கா, தூரத்துலயே தெரியும். என்னுது சின்ன அட்டைதானே, ஒரு நிமிஷத்துல கிழிச்சிரலாம்னு நெனச்சேன். பச நல்லா புடிச்சிருச்சி" என்றாள். ஏதோ சட்டைக்குக் கை தைத்தது பிழையாகிவிட்டதுபோலச் சொன்னாள்.

பிறகு விறாந்தையில் முழங்காலில் நின்றோம். அவள் தன் மெஷினைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "அக்கா வீட்டைக் காத்தீரே, ஸ்தோத்திரம். அலவத்துகொடயில தெனமும் கேட்டேனே, தந்தீரே" என்றாள். அங்கே அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்காகவா? அப்போதும், கடவுள் அறிய, எனக்குப் பொறாமைதான் வந்தது. இப்படி ஒரு மனதை இவளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கேன் கொடுக்கவில்லை என்று.

"இப்ப நீங்க ஜெபிங்கக்கா" என்றாள்.

வாயைத் திறந்தேன். மூன்று தலைமுறைப் பழக்கம், ஒரு சொல்லும் வரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினேன். அவள் கிட்ட வந்து, நகம் பிய்ந்த அந்தக் கையால் தன் சேலைத் தலைப்பைப் பிடித்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த வருடம் எனக்கு விழுந்த வசனம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.